மலைக்கு ஆகாத டிரம்

நேற்று உங்களில் ஒருவர் பெட்டியைப் பிரித்து ஒரு புதிய பிரேக் டிரம்மை வெளியே எடுத்ததைப் பார்த்தேன். எண்ணெய்க் காகிதம் சுற்றி, கை படாமல் வந்திருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். தப்பில்லை. இது உடைந்தால் இன்னொரு பெட்டி இருக்கிறது. ஆனால் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. பத்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்ன சார், அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டீர்கள். பணிமனைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது யுத்த காலத்தில். வலியசாலை அக்ரகாரத்தில், கோயில் கணக்கு எழுதும் வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் கரிபிடித்த கையோடு வாசற்படி ஏறிய முதல் ஆள் நான்தான். அம்மா கிணற்றடியில் எனக்கென்று ஒரு சீயக்காய்க் கிண்ணம் வைத்திருந்தாள். கை வெளுக்காமல் அடுக்களைப் பக்கம் போக முடியாது. கிழக்கேகோட்டைக்கு அருகில் ஒரு தனி முதலாளியின் பஸ் ஷெட்டில் மெக்கானிக் வேலை. அவருக்கு நான்கு பஸ்கள். மூன்று ஊருக்குள்ளும் சுற்றுப்புறத்திலும் ஓடும். ஒன்று பொன்முடி மலைக்குப் போகும். எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றிச் செல்லும், திரும்பும்போது ஆட்களை ஏற்றி வரும்.

யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது. கப்பல் நின்றதும் சாமான் நின்றது. வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. எது தேய்ந்தாலும், எது உடைந்தாலும், செத்துப்போன வண்டி ஒன்றிலிருந்து கழற்றித்தான் மாட்ட வேண்டும்.

அப்படிச் செத்த வண்டிகள் கிடந்த இடம் கிள்ளியாற்றங்கரையில் இருந்தது. தென்னந்தோப்புக்குள் முப்பது நாற்பது வண்டிகள். பெரிய உத்தியோகஸ்தர்கள் ஏறி இறங்கிய கார், மரம் இழுத்த லாரி, வெள்ளத்தில் போன பஸ், எல்லாம் புல்லுக்குள் புதைந்து கிடக்கும். அதை நடத்தியவள் ஒரு பெண். தென்காசிப் பக்கத்துக்காரி, நாற்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு அவளே கடையைப் பார்த்துக்கொண்டாள். எல்லாரும் அக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயரைக் கடைசிவரை கேட்கவில்லை.

அக்காவிடம் சாமான் வாங்குவது மற்ற கடையில் வாங்குவது போல இல்லை. முதலில் கேள்வி வரும்.

"எந்த வண்டிக்கு? எங்க ஓடப் போவுது? யாரு ஓட்டுதா?"

மூன்றுக்கும் பதில் சொன்னால்தான் தோப்புக்குள் விடுவாள். அங்கே கிடந்த ஒவ்வொரு வண்டியும் எதனால் செத்தது என்று அவளுக்குத் தெரியும். இது பாலத்திலிருந்து விழுந்தது, இது எண்ணெய் இல்லாமல் ஓட்டிக் கெடுத்தது என்று விரல் நீட்டிச் சொல்வாள். சாமானைக் கொடுத்துவிட்டு மறந்துபோகவும் மாட்டாள். சாயங்காலம் கிழக்கேகோட்டைக்குக் காய்கறி வாங்க வரும்போது அந்த வண்டி நிற்குமிடத்துக்குப் போய், குனிந்து, தான் கொடுத்தது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவாள். ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

ஒரு நாள் அவள் செய்ததைப் பார்த்து நான் அசந்து நின்றேன். ஒரு டிரம்மை எடுத்து மண்ணெண்ணெயால் நன்றாகத் துடைத்தாள். பிறகு உலர்ந்த துணியால் ஒரு துளி ஈரம் இல்லாமல் வழித்தாள். அதன்மேல் சுண்ணாம்புத் தூளைப் பூசி வெயிலில் வைத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து அந்த வெள்ளையில் ஒரு கறுப்பு இழை மெல்ல, தலைமுடி அளவுக்கு, தானாக எழுந்து வந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய் சுண்ணாம்பில் ஊறி வெளியே வந்திருக்கிறது. கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாத விரிசல். நான் சுத்தியலால் தட்டிப் பார்த்து மணி போலச் சத்தம் கேட்டதால் நல்லது என்று தேர்ந்தெடுத்த டிரம் அது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

மழைக்காலம் முடிந்த சமயம். பொன்முடி பஸ்ஸின் இடது பின்சக்கரத்து டிரம் தேய்ந்து, இனிமேல் முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது. டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புச் சட்டி. மிதியை அழுத்தினால் உள்ளேயிருக்கும் கட்டைகள் விரிந்து அந்தச் சட்டியைப் பிடிக்கும், வண்டி நிற்கும். சட்டி உடைந்தால் கட்டைகள் அளவுக்கு மீறி விரிந்து, பிரேக் எண்ணெய் முழுவதும் வழிந்துவிடும். அப்புறம் நான்கு சக்கரத்திலும் பிடிப்பு இருக்காது. அந்த வண்டியில் கைப்பிரேக் பேருக்குத்தான்.

மலைமேல் எஸ்டேட் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் அரிசி தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்கிறார்கள் என்று செய்தி வந்தது. முதலாளி ஷெட்டுக்கே வந்து நின்றார். "நாளைக் காலை வண்டி ஏறணும். என்ன செய்வியோ எனக்குத் தெரியாது."

நான் தோப்புக்கு ஓடினேன். அந்த வண்டிக்குப் பொருந்தும் டிரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா அதைத் துடைத்துச் சுண்ணாம்பு பூசினாள். இழை எதுவும் எழவில்லை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் சுண்ணாம்பைத் துடைத்துவிட்டு, டிரம்மின் உட்புறத்தை வெயிலுக்குத் திருப்பிக் காட்டினாள். அங்கங்கே மயில்கழுத்து நிறத்தில் நீலத் திட்டுகள்.

"நீலம் பாஞ்சிருக்கு பாரு. ஏதோ ஒரு இறக்கத்துல வெந்துருக்கு இது. இன்னைக்கு விரிசல் இல்ல. ஆனா வரும். ஊருக்குள்ள சமதளத்துல ஓடுத வண்டிக்குன்னா கொண்டு போ, தம்பி. மலைக்கு ஆகாது. எந்த வண்டிக்குக் கேக்க?"

"வேற ஒண்ணும் இல்லையா அக்கா?"

அவள் ஒரு கணம் தோப்பின் கோடியைப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

"ஊருக்குள்ள ஓடற வண்டிக்குத்தான்" என்றேன். "கரமனை பஸ்ஸுக்கு."

இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நானே அதற்கு நியாயமும் சொல்லிக்கொண்டேன். லயத்தில் குழந்தைகள் பட்டினி. சுண்ணாம்பில் ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை போய் வரட்டும், பிறகு மாற்றிவிடலாம். அவள் டிரம்மின் வெளிப்புறத்தில் வழக்கம்போலத் தன் அடையாளமாக ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்தேன். மறுநாள் காலை நானும் அந்தப் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் ராகவன் சேட்டனுக்கு ஆச்சரியம். "எந்தா, மலை காணான் ஆசையோ?" என்று கேட்டார். வண்டிச் சத்தம் கேட்க வருகிறேன் என்று சொன்னேன். அவர் அந்தப் பாதையில் பன்னிரண்டு வருஷம் ஓட்டியவர். அதிகம் பேச மாட்டார். மூட்டைகளோடு ஏறும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. லயங்களுக்கு முன்னால் வண்டி நின்றபோது பெண்கள் கூடையோடு ஓடி வந்ததைப் பார்த்து, நான் செய்தது சரிதான் என்று கூட நினைத்தேன். இரவு அங்கேயே தங்கினோம்.

மறுநாள் மலையடிவாரத்து விதுரையில் சந்தை. லயத்து ஆட்கள் இருபத்திரண்டு பேர் ஏறினார்கள். கோழிக் கூடை, பலாக்கொட்டைச் சாக்கு, ஒரே பேச்சு, ஒரே சிரிப்பு. அரிசி வந்த மகிழ்ச்சி. பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். நான் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

நான்காவது வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. "டக்." கொஞ்சம் கழித்து மறுபடி "டக்." மிதியை அழுத்தும்போது மட்டும், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை. கூழாங்கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கூழாங்கல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது வளைவு. சொல்ல வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சொன்னால் பொய்யையும் சொல்ல வேண்டும். ஆறாவது வளைவு. இடது பக்கம் பள்ளத்தாக்கு. மூடுபனி விலகி, கீழே மரங்களின் தலை தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண் குழந்தையை மடியில் நிறுத்திக் குதிக்கவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தையின் சிரிப்பும் "டக்" சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அவர் காதருகே குனிந்தேன். "சேட்டா, இடது பின்சக்கரத்து டிரம் விரிஞ்சிருக்கு. அது மலைக்கு ஆகாதுன்னு சொல்லித்தான் அக்கா தந்தா. நான்தான் பொய் சொல்லி வாங்கி வந்து மாட்டினேன்."

அவர் திரும்பவில்லை. கால் மட்டும் மிதியிலிருந்து விலகியது.

"எத்தனை வளைவா சத்தம் கேக்குது?"

"மூணு."

அவர் கியரைக் கீழே இறக்கினார். எஞ்சின் முனகி, வண்டி தயங்கிற்று.

"இங்க நிறுத்தலாமே, சேட்டா. மலைப் பக்கம் ஒதுக்கி..."

"இங்க பாறை. முட்டினா வண்டி பள்ளத்துக்கு மறியும். ரெண்டு வளைவு கழிஞ்ஞா மழையில இடிஞ்ச மண்ணு கிடக்கு. நேத்து ஏறும்போ கண்டு வெச்சிருக்கேன்." குரல் வீட்டில் பேசுவது போல இருந்தது. "நீ இனி ஒண்ணும் பறயண்டா. சத்தம் மாறினா மாத்திரம் சொல்லு."

பிரேக்கைத் தொடாமல் இரண்டு வளைவு. நான் கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தை மட்டும் கேட்டேன். கண்டக்டரைப் பார்த்து அவர் தலையசைத்தார். அவன் புரிந்துகொண்டு, "ரோடு மோசம், எல்லாரும் முன்னால கம்பியைப் பிடிச்சுக்குங்க" என்றான். பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. முதல் வளைவில் வண்டி வேகம் எடுத்தபோது சக்கரத்தை மலைப் பக்கத்து ஓடையில் இறக்கி, ஈரமண்ணில் தேய்த்து, வேகத்தைத் தின்னவைத்தார். மறுபடி ரோட்டுக்கு ஏற்றினார். இப்படி ஒருவன் ஓட்டுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டாவது வளைவில் வேறு வழியில்லாமல், முட்டைமேல் கால் வைப்பதுபோல, மிதியை ஒரே ஒரு தடவை தொட்டார். "டக்" சத்தம் நின்று, "கர்ர்" என்று அரைத்தது.

"மாறிடுத்து!" என்று கத்தினேன்.

கால் விலகியது. எதிரே செம்மண் சரிவு. வண்டி அதற்குள் மெல்ல, ஆள் மெத்தையில் சாய்வதுபோலச் சாய்ந்து நின்றது. கோழிக் கூடை ஒன்று உருண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

எல்லாரையும் இறக்கி, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தோம். நான் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை வெளியே எடுத்தேன். விளிம்பிலிருந்து புறப்பட்ட விரிசல் அடிவரை போய், மறுபுறம் ஏறி, கிட்டத்தட்ட முழுச் சுற்றும் முடித்திருந்தது. இரண்டு துண்டாகாமல் அதைப் பிடித்துவைத்திருந்தது என் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு இரும்பு. அவ்வளவுதான். நான் அதை வெயிலில் வைத்தேன். ஆட்கள் சுற்றிக் கூடினார்கள். தலைப்பாகை கட்டிய ஒரு வயதான தொழிலாளி குந்தி உட்கார்ந்து, அந்த ஒட்டியிருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இம்புட்டுதானா சாமி எங்க அம்புட்டுப் பேரையும் பிடிச்சிக்கிட்டு இருந்துச்சு?"

"ஆமாம்" என்றேன். பிறகு அவரிடமும், சுற்றி நின்ற எல்லாரிடமும், அதை மாட்டியவன் நான் என்று சொன்னேன். குழந்தையை வைத்திருந்த பெண் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

கண்டக்டரை உதவிக்குக் கீழே நடக்கச் சொல்லி அனுப்பினோம். ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, அவன் திரும்பி வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண் ஏறி வந்துகொண்டிருந்தாள். தலையில் சும்மாடு. சும்மாட்டின் மேல் சாக்கில் கட்டிய ஏதோ ஒரு கனம். கழுத்து ஆடாமல், ஒரே சீராக, வளைவு திரும்பி வந்தாள். அக்கா.

"நான் தூக்கறேன்னு எத்தனை பறஞ்சும் சம்மதிச்சில்ல" என்றான் கண்டக்டர்.

சாக்கை இறக்கினோம். உள்ளே ஒரு டிரம். அதே வண்டிக்குரியது. நீலம் இல்லை, தேய்மானம் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் அவள் கிழக்கேகோட்டையில் கரமனை பஸ்ஸின் சக்கரத்தைக் குனிந்து பார்த்திருக்கிறாள். சுண்ணாம்புக் கோடு இல்லை. ஷெட்டில் விசாரித்ததில் நான் பொன்முடிக்குப் போயிருக்கிறேன் என்று தெரிந்தது. விடிந்ததும் முதல் பஸ் பிடித்து நெடுமங்காடு, அங்கிருந்து விதுரை, அங்கிருந்து மாட்டுவண்டியில் கல்லாறு. அதற்குமேல் நடை.

"வெறுங்கையோட வந்து நிறுத்தச் சொன்னாலே போதுமே, அக்கா. இந்தக் கனத்தை எதுக்கு..."

"பொம்பளை ரோட்டுல நின்னு கையைக் காட்டுனா எந்த டிரைவர் நிப்பாட்டுவான்? சாமானைக் காட்டுனா நிப்பாட்டுவான்."

நான் அவள் காலடியில் கிடந்த உடைந்த டிரம்மைக் காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சுண்டுவிரல் அகல இரும்பைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ பொய் சொன்ன. சரி. நானும் சொன்னேன். வேற இல்லேன்னு சொன்னேனே, இது இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ஓட்டுன லாரியில உள்ளது. அதுல ஒரு ஆணியைக்கூட யாரும் தொடக் கூடாதுன்னு கோடியில ஓலை போட்டு மூடி வெச்சிருந்தேன். நேத்து ராத்திரி நானே களட்டினேன்." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எடு. மாட்டு. வெயில் போறதுக்குள்ள இறங்கணும்."

மூங்கில் கழியை நெம்புகோலாகக் கொடுத்து லயத்து ஆட்களும் தோள் கொடுத்தார்கள். வேலை முடியும்போது பிற்பகல் மணி மூன்றரை. ராகவன் சேட்டன் மிதியை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் இருபத்திரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. ஏறச் சொல்ல எனக்கு வாய் இல்லை. அக்கா யாரையும் பார்க்காமல் படியேறினாள். பின்னால் போய், இடது பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த இருக்கையில் உட்கார்ந்து, சும்மாட்டுத் துணியை மடியில் மடித்து வைத்துக்கொண்டாள். முதலில் குழந்தைக்காரி ஏறினாள். பிறகு மற்றவர்கள்.

இதிலிருந்து நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. சோதனை இன்றைக்கு இருப்பதைத்தான் காட்டும். அந்தச் சாமான் நாளைக்கு எங்கே ஓடப் போகிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். தப்பு செய்துவிட்டால் அடுத்த வளைவுக்கு முன்னால் வாயைத் திறந்துவிடுங்கள். நான் மூன்று வளைவு தாமதித்தேன். ஓட்டுநருக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய மூன்று வளைவுகள் அவை. ஷெட்டுக்குத் திரும்பி முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருஷம் எனக்குப் பிரேக் வேலை தரவில்லை. அது நியாயம்தான்.

இறங்கிய கதை மிச்சம் இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் டிரம் பிடித்தது, விட்டது. கல்லாறு வந்து ரோடு சமமானதும் ராகவன் சேட்டன் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கீழே இறங்கினார். ஆற்றுக்குள் நடந்து போய் முகம் கழுவினார். பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்தார். நான் அருகில் போனேன். இரண்டு கையையும் தொடைக்கு நடுவே அழுத்தி வைத்திருந்தார்.

"எனிக்கு இப்பத்தான் பயம் வருது" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்தை கலையும் நேரம். லயத்து ஆட்களுக்கு வாரத்தில் ஒரே நாள் அது; உப்பு, மிளகாய், புகையிலை எல்லாம் அன்றுதான் வாங்க வேண்டும். திரும்பிப் பார்த்தேன். பஸ் ஜன்னல்களில் எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஆறு சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. வெயில் மரத்தின் உச்சிக்கு ஏறியது. கோழிகூடக் கூவவில்லை. அந்த மனிதர் தானாக எழுந்து வரும்வரை, அந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரும் "போகலாமா" என்று கேட்கவில்லை.